ஓப்பன் மைக்கிலிருந்து பாட்காஸ்ட் வரை: பெடல் மிதித்துக் கற்றுக்கொண்டது

வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். "அக்கா, ஸ்டாண்ட்-அப் பண்ணணும், எப்படி ஆரம்பிக்கிறது?" பின்னாலேயே இன்னொரு மெசேஜ் வரும். "அப்படியே பாட்காஸ்ட்டும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்." ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை போனதுதான் மிச்சம். அதனால், மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப், காதால் கேட்க இணையத்தில் தொடராகப் போடும் பாட்காஸ்ட், இரண்டையும் பற்றி மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். என் முறையே பழைய வேலையிலிருந்து வந்தது என்பதால் அதைச் சொல்லாமல் முடியாது. ஊர் சிவகாசி. அப்பாவுக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. நான் 2009 முதல் 2017 வரை சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லிவைக்கும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். மேசைக்குக் கீழே ஒரு கால் பெடல். ஒரு பக்கம் மிதித்தால் குரல் ஓடும், இன்னொரு பக்கம் மிதித்தால் பின்னால் போகும். வாயில் எதையோ மென்றுகொண்டே மருந்துப் பெயர் சொல்வார் டாக்டர். இருபது முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், ஆனால் குத்துமதிப்பாக அடிக்கக் கூடாது. கடைசிவரை புரியவில்லையா, கோடு போட்டு, பக்கத்தில் நிமிடம் விநாடியைக் குறிக்க வேண்டும். 98 சதவீதம் சரியாக இல்லையென்றால் எங்கள் கம்பெனியில் ஊக்கத்தொகை போச்சு.

அந்த எட்டு வருடம் என் காதுக்குக் கொடுத்த பயிற்சியைத்தான் இன்றுவரை மேடையில் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஏறுவதற்கு முன்னால்

ஓப்பன் மைக் என்றால் புதியவர்களும் பெயர் கொடுத்து ஏறிப் பேசிப்பார்க்கும் மேடை. மூன்று ஓப்பன் மைக்குகளுக்குப் பார்வையாளராகப் போங்கள். பெரும்பாலும் ஏதாவது காபிக் கடையின் மாடியாக இருக்கும். இருபது நாற்காலி, அதில் பன்னிரண்டில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், உதட்டுக்குள்ளே தங்கள் வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். மீதி எட்டுப் பேர்தான் உங்கள் உலகம்.

பெயர் கொடுப்பது இன்ஸ்டாகிராமில் வரும் படிவம் வழியாகவோ வாட்ஸ்அப் குழு வழியாகவோ நடக்கும். நாலு அல்லது ஐந்து நிமிடம் தருவார்கள். ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஃபோன் டார்ச்சைக் காட்டுவார்கள். அதற்குப் பெயர் லைட். லைட் வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். மொக்கை வாங்கினால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நேரம் தாண்டினால் மறக்கவே மாட்டார்கள். அதேபோல உங்கள் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். கடைசி ஆள் பேசும்போது மூன்று பேர் மட்டும் இருப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நான் முதலில் ஏறியது 2016 நவம்பர். பணமதிப்பு நீக்கம் அறிவித்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்றைக்குப் பேசிய ஒன்பது பேரில் ஏழு பேர் 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்ற ஜோக்கைச் சொன்னோம். நான் ஏழாவது ஆள். கூட்டம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏ.டி.எம். வாசலில் பணம் தீர்ந்துவிட்டது என்று சொன்ன வாட்ச்மேனைக்கூட அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாட்டுக்கே தெரிந்த செய்தியை எல்லோரும் ஒரே நேரத்தில்தான் யோசிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த செய்தியை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு ஜோக் எப்படி இளைத்தது

வீட்டுச் செய்தி என்று முடிவானதும் நான் செய்த அடுத்த தப்பு, கட்டுரை எழுதியது. "வணக்கம், நான் சிவகாசியிலேர்ந்து வர்றேன். சிவகாசின்னா எல்லாரும் பட்டாசுன்னுதான் நினைப்பீங்க, ஆனா அங்க தீப்பெட்டி இருக்கு, அச்சகம் இருக்கு, வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க…" எல்லாம் உண்மை. பள்ளிக்கூடப் பாடத்திலும் உண்மைதான் இருக்கும். 46 விநாடி பேசிய பிறகுதான் சிரிப்புக்கே வருவேன். அதற்குள் முன்வரிசை ஃபோனை எடுத்துவிடும்.

பதினோராவது தடவை சொன்னபோது அது இப்படி ஆகியிருந்தது:

"எங்கப்பா சிவகாசியில காலண்டர் அடிக்கிறார். தமிழ்நாட்டுல யாருக்குக் கல்யாணம்னாலும் அந்த முகூர்த்தத் தேதி எங்கப்பா கை வழியாத்தான் போகணும். எனக்கு இருபத்தொன்பது வயசு."

அவ்வளவுதான். முன்பெல்லாம் வயதைச் சொன்ன பிறகு "ஆனா எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்று ஒரு வரி சேர்ப்பேன். பதிவைக் கேட்டால், வயதைச் சொன்ன இடத்திலேயே இரண்டு பேர் சிரிக்கத் தொடங்குகிறார்கள், அவர்கள் சிரிப்பின்மேல் நானே ஏறி மிதித்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வரியைத் தூக்கியதும் மொத்தக் கூட்டமும் அங்கே வந்து நின்றது. அதன் வாலாக இன்னொன்று சேர்ந்தது. இதைத்தான் டேக் என்பார்கள். "கேட்டா சந்திராஷ்டமம்ங்கிறார். சந்திராஷ்டமம் ரெண்டேகால் நாள்தான்ப்பா. எனக்கு மட்டும் ஏழு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு." இந்த டேக் எழுத்து மேசையில் பிறக்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு மாமி முன்வரிசையிலிருந்து "ராசி என்னம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லப்போய்க் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் வயதை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். ஜோக் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போகிறது, அம்மாவுக்குத்தான் வருத்தம்.

இனி முறையைச் சொல்கிறேன். ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு மேடை ஏறுங்கள். ஃபோன் உங்கள் சட்டைப் பையில் இருக்கக் கூடாது, கூட்டத்துக்குள் ஒரு மேசையில் இருக்க வேண்டும். உங்கள் குரலைவிட அவர்கள் சிரிப்புதான் தெளிவாகப் பதிய வேண்டும். மறுநாள் உட்கார்ந்து, சொன்னதை ஒரு எழுத்து விடாமல் டைப் அடியுங்கள். எழுதி வைத்திருந்தது வேறு, சொன்னது வேறு. "வந்து", "அதாவது", "என்ன சொல்றது" எல்லாவற்றையும் அடியுங்கள். என் முதல் ஐந்து நிமிடத்தில் பத்தொன்பது "அதாவது" இருந்தது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறி போடுவேன். மௌனத்துக்குப் பூஜ்யம். மூக்கால் விடும் காற்றுக்கு "மூ". வாய்விட்ட சிரிப்புக்கு "சி". கைதட்டலுக்கு "கை". கூட்டத்துக்கு எந்த வார்த்தை காதில் விழவில்லை என்று தோன்றுகிறதோ அங்கே பழைய வேலையில் போட்ட அதே கோடு. என் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று "சி". பதினோராவது தடவை பதினான்கு. நடுவில் நான் ஒரு புது ஜோக்கூட எழுதவில்லை, வார்த்தைகளைக் கழித்தேன், அவ்வளவே.

பெடல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயர் இருந்தால் ஷிஃப்ட் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்துங்கள், மூன்று விநாடி பின்னால் போகும். இப்போது தானாக எழுதித்தரும் செயலிகள் வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். எங்கள் வேலைக்கு உலை வைத்ததே அந்த மாதிரி மென்பொருள்தான், அந்தக் கோபத்தில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் உங்கள் வார்த்தையை எழுதும். உங்கள் வார்த்தைக்குப் பிறகு வந்த ஒன்றரை விநாடி மௌனத்தை எழுதாது. கையால் அடிக்கும்போது அந்த மௌனத்தை நீங்கள் திரும்பவும் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும். அந்தக் கூச்சம்தான் வரியை மாற்ற வைக்கும்.

யாரைக் கேட்டுப் பழகுவது? ஆங்கில ஸ்பெஷல்கள், அதாவது பதிவுசெய்து வெளியிடும் முழுநீள ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகள், பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைப்பது நேற்று வந்த பழக்கமா என்ன? என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் செய்ததும், சாலமன் பாப்பையா நடுவர் இருக்கையிலிருந்து செய்ததும் என்ன? ஒரு பட்டிமன்றத்தை எடுத்து, கையில் பேனாவோடு கேளுங்கள். முதல் பேச்சாளர் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தையை நடுவர் பிடித்துவைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் கழித்துத் திருப்பிப் போடுவார். அரங்கம் அதிரும். அதைத்தான் இப்போது காபிக் கடை மாடியில் கால்பேக் என்று பாடம் நடத்துகிறார்கள்.

மொழி பற்றி ஒரு வரி. நீங்கள் வீட்டில் சண்டை போடும்போது எந்தத் தமிழில் போடுகிறீர்களோ அதில் பேசுங்கள். சென்னையில் முதலிரண்டு வருடம் நான் சிவகாசிப் பேச்சை மறைத்து ஒரு டி.வி. தொகுப்பாளினித் தமிழில் பேசினேன். அந்தக் காலத்துப் பதிவுகளை இன்று பெடல் மிதித்துக்கூடக் கேட்க முடியவில்லை.

மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில், மோவாய்ப் பக்கம் பிடியுங்கள். வலைத்தலையைக் கையால் மூடாதீர்கள், கீச்சென்று கத்தும். ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தால் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி வையுங்கள். குறுக்கே நின்றால் கம்பிக்குப் பின்னால் கைதி மாதிரி தெரிவீர்கள்.

காசு

ஓப்பன் மைக்கில் பைசா கிடையாது. காபிக்கும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் நிகழ்ச்சிக்கு முன்னால் பத்து நிமிடம் பேச எனக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். திரும்ப வர ஆட்டோ 340. கடைசி மின்சார ரயிலைத் தவறவிடும் நாளெல்லாம் நஷ்டக் கணக்குதான். பெண்களுக்கு இது நகைச்சுவைத் திறமையைவிடப் பெரிய தடை என்பது என் அபிப்பிராயம். லைன்-அப்பில், அதாவது அன்றைக்குப் பேசுபவர்கள் வரிசையில், உங்கள் பெயரை முதல் பாதியில் போடச்சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. "அடுத்து ஒரு பொண்ணு வர்றாங்க, கைதட்டுங்க" என்று அறிமுகம் செய்யும் ஹோஸ்ட்டிடம், உங்கள் அறிமுக வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உண்மையான வருமானம் கம்பெனி நிகழ்ச்சிகளில் இருக்கிறது, அவமானமும் அங்கேதான். ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் என்னை மதியம் ஒன்றே காலுக்கு மேடை ஏற்றினார்கள். மூன்றாவது நிமிடம் பின்பக்கம் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் எனக்கு முதுகைக் காட்டினார்கள். மீதிப் பதினேழு நிமிடத்தையும் வரிசையில் நின்றவர்களுக்கே பேசி முடித்தேன். கூலி ஐந்து மாதம் கழித்து வந்தது. அன்றிலிருந்து பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குகிறேன், பேசும்போது சாப்பாடு திறக்கக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குகிறேன். கையில் பான் கார்டு இருக்கட்டும். கம்பெனிகள் பெரும்பாலும் வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் முதல் வருடப் பணம் அப்படியே போனது.

ரீல்ஸ் பற்றி ஒரு தொழில் ரகசியம். உங்கள் நல்ல இருபது நிமிடத்தை வெட்டி வெட்டி இணையத்தில் போட்டுவிட்டால், டிக்கெட் வாங்கி வருபவர் வாய்க்குள்ளேயே உங்களோடு சேர்ந்து சொல்வார். கூட்டத்தோடு பேசும் கிரவுட் வொர்க்கை வெட்டிப் போடுங்கள். அது அந்த ராத்திரியோடு செத்துப்போகும் சரக்கு, செலவானாலும் நஷ்டமில்லை.

முழுப் பதிவையும் மட்டும் எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனாவர் ஃபாரூக்கி கைதானபோது, மேடையில் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதே பெரிய விவாதமானது. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்க ஒரு மாதத்துக்குமேல் ஆனது. நறுக்கிய முப்பது விநாடி உங்களைப் பற்றி ஊர் சுற்றும்போது, உங்களிடம் முழுசும் இருக்க வேண்டும்.

பாட்காஸ்ட்: சிரிப்பு இல்லாத அறை

ஸ்டாண்ட்-அப் ஆட்கள் பாட்காஸ்ட்டுக்குப் போவது அமெரிக்காவில் பழைய கதை. மார்க் மேரன் 2009-ல் தொடங்கினார், தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து பதினாறு வருடம் பேசினார். 2015-ல் அதிபராக இருந்த ஒபாமா அந்த கராஜுக்கே வந்துபோனார். நான் தொடங்கியது 2020 ஜூனில். மேடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன, வாய் அரித்தது.

முதல் நாலு எபிசோடுகளை அழித்துவிட்டேன். ஏனென்றால் ஜோக் சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு இடம் விட்டிருக்கிறேன். யாரும் இல்லாத படுக்கையறையில், பீரோவைப் பார்த்து, இரண்டு விநாடி காத்திருக்கிறேன். கேட்கப் பயமாக இருந்தது. மேடையில் பேசுவது இருபது பேருக்கு. பாட்காஸ்ட்டில் ஒரே ஒருவருக்கு, அவரும் பாத்திரம் கழுவிக்கொண்டோ பைக் ஓட்டிக்கொண்டோ இருப்பார். அவர் காதுக்குள் நின்றுகொண்டு பஞ்ச் அடித்தால் கழற்றி எறிந்துவிடுவார்.

என்ன பேசுவது என்பதில் "எல்லாவற்றையும் பற்றி" என்று பதில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நானே எட்டு வருடம் ராத்திரி வேலை பார்த்தவள். அதனால் ராத்திரி வேலை செய்பவர்களோடு மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். நர்ஸ், பால் வண்டி ஓட்டுநர், கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர், டோல்கேட்டில் உட்காரும் பெண், பிணவறைக் காவலர். எல்லோரிடமும் ஒரே கேள்வியில்தான் தொடங்குவேன். "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" "உங்கள் வாழ்க்கைப் பயணம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பேட்டிக்காக ஒரு குரலை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டைக் கேட்டால் சொந்தக் குரலில் பேசுவார்கள். பால் வண்டி அண்ணன் "நாலு மணிக்கு, ஆனா அது ராத்திரி சாப்பாடா காலை டிபனான்னு இருபது வருஷமா எங்க வீட்ல சண்டை" என்றார். மொத்த எபிசோடும் அந்தச் சண்டையிலிருந்தே வந்தது.

இரண்டாவது விதி, அவர்கள் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு மூன்று வரை எண்ணுங்கள். காமெடியனுக்கு உயிர் போகும். இடைவெளியைக் கண்டால் நாக்கு தானாக ஒரு ஜோக்கைச் செருகப் பார்க்கும். செருகாமல் இருந்தால், "அது வந்து…" என்று அவர்களே தொடங்குவார்கள். உண்மையான பதில் அந்த இரண்டாவது மூச்சில்தான் இருக்கும்.

கருவிகளுக்குப் பெரிய காசு வேண்டாம். கண்டென்சர் மைக்கை வாங்கச்சொல்லி யூடியூபில் சொல்வார்கள். அது ஸ்டூடியோவுக்கு. நம் வீட்டில் அது கருவாட்டுக்காரர் குரலையும் எதிர்வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் டைனமிக் மைக் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொருவர் குரலும் தனித்தனி டிராக்கில் பதிய வேண்டும், அப்போதுதான் ஒருவர் இருமியதை மட்டும் வெட்ட முடியும். கூடவே ஃபோனிலும் ஒரு பதிவு ஓடட்டும். மெமரி கார்டு என்னை இரண்டு முறை நடுத்தெருவில் விட்டிருக்கிறது. அறைக்குப் பஞ்சுப் பலகை எல்லாம் ஒட்ட வேண்டாம். பீரோக் கதவைத் திறந்துவைத்து, அம்மாவின் சேலைகளுக்கு முன்னால் உட்காருங்கள். பின்னால் ஒரு மெத்தையை நிறுத்துங்கள், எதிரொலி அடங்கிவிடும்.

மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும். மே மாதச் சென்னையில் இதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய தியாகம். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். அணைத்ததும் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், கிளம்பும்போது சாவியைத் தேடி மறுபடி போட்டுவிடுவீர்கள். நான் ஒரு முறை மறந்து, இரண்டு நாள் மாவும் அம்மா அனுப்பிய மீன் குழம்பும் போனது. பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். முடித்த ஒலியின் அளவை மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) பக்கம் வைத்தால் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது. பின்னணிக்கு இளையராஜா பாட்டைப் போட ஆசையாகத்தான் இருக்கும். போடாதீர்கள், உரிமை வாங்காமல் போட்டால் எபிசோடையே தூக்கிவிடுவார்கள்.

யூடியூபில் விளம்பரக் காசு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். எனக்கு இரண்டு வருடம் எட்டு மாதம் ஆனது. இதை நம்பி வேலையை விடாதீர்கள். ஆனால் என் தனி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்களைக் கேட்டால், பாதிப் பேர் ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் இல்லை. பாத்திரம் கழுவும்போது கேட்டவர்கள்.

பேசியவரிடம் அனுமதியைப் பதிவின் தொடக்கத்திலேயே வாய்மொழியாக வாங்குங்கள். பிறகு மனம் மாறி எடுக்கச்சொன்னால், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். நான் அப்படி ஒன்றை எடுத்தேன், அதுதான் என் சிறந்த எபிசோடு. அதைப் பற்றி இங்கேயும் எழுதப்போவதில்லை.

போன வருடம் ஆடிக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அச்சகத்தில் ராப்பகலாக வேலை ஓடும் நேரம். அப்பாவும் ராத்திரி ஷிஃப்ட்தானே என்று மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மெஷின் நின்ற இடைவேளையில், தாள் கட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்தேன். அதைவிட நல்ல ஒலி அறை எங்கும் கிடையாது. எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று கேட்டேன், சொன்னார். பிறகு, மேடையில் அவரைப் பற்றி ஒரு ஜோக் சொல்வதாகச் சொல்லி, அதை அவருக்கே சொல்லிக்காட்டினேன். காலண்டர், முகூர்த்தம், வயது, சந்திராஷ்டமம் எல்லாம்.

பதினொரு விநாடி மௌனம். மூன்று வரை எண்ணச்சொல்லி உங்களுக்குச் சொன்ன நான், ஏழில் வாயைத் திறக்கப் பார்த்தேன். எடிட் செய்யும்போதும் அந்த இடத்தில் கை போனது, வெட்டவில்லை. பக்கத்தில் பூஜ்யம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: 22 நிமிடம் 40 விநாடி.

22:51-ல் அப்பா சொல்கிறார், "ரெண்டேகால் நாள்னு கணக்குச் சரியாத்தான் சொல்லியிருக்க."